ஆடல் பாடல் மேடையில் மாற்றுத்திறனாளி ரசிகர்களை மரியாதையுடன் நடத்தும் முறை

கொங்கு நாட்டில் மாசி பிறந்ததிலிருந்து ஆடி முடியும் வரை ஏதாவது ஓர் ஊரில் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா, நடந்துகொண்டேதான் இருக்கும். கம்பம் நட்டு, பூவோடு என்னும் தீச்சட்டி எடுத்து, மாவிளக்கு வைத்து முடிந்த இரவில் கமிட்டியார் ஏற்பாடு செய்யும் ஆடல் பாடல் நிகழ்ச்சியில் ஆடுகிறவர்களுக்காகவும், கோவை, ஈரோடு, சேலம் பக்கத்து விடுதிகளில் வயதுவந்தவர்கள் மட்டும் கூடும் விருந்துகளில் ஆடுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நம் ஆட்டத்தைப் பார்க்க வருகிறவர்களில் சக்கர நாற்காலியில் வருகிறவர், வெள்ளைக் கோலுடன் வருகிறவர், காது கேளாதவர், விசைத்தறியிலோ ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியிலோ கையை இழந்தவர், பேச்சுத் தெளிவில்லாதவர் என்று பலரும் இருக்கிறார்கள். அவர்கள் நம்மிடம் அனுதாபம் தேடி வரவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் எதற்காக வந்தாரோ அதற்காகவே, ஆட்டம் பார்க்கவும் சிரிக்கவும் கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருக்கவும் வந்திருக்கிறார்கள்.

நம் தொழிலில் கூட்டத்தின் முகம் பார்த்து ஆடுவதே பாதி வேலை. முன்வரிசையில் இருக்கும் ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்து, சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் வந்ததும் பார்வையைத் தாண்டவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டால், அது அவருக்கு உடனே தெரிந்துவிடும். இது நம்மிடம் அதிகம் காணப்படும் தவறு; கெட்ட எண்ணத்தால் அல்ல, என்ன செய்வது என்ற தயக்கத்தால் நடப்பது. இதற்கு எதிர்ப்பக்கத்தில், எல்லோரையும் விட்டுவிட்டு அவரை மட்டும் மேடைக்கு அழைத்து, ‘இவருக்காக எல்லோரும் ஒரு கைதட்டல் கொடுங்க’ என்று சொல்வதும் தவறுதான். அவர் எந்தச் சாதனையும் செய்துவிட்டு அங்கே உட்காரவில்லை. எல்லோருக்கும் எந்த அளவு சிரிப்பும் எந்த அளவு கேலியும் எந்த அளவு நெருக்கமும் தருகிறீர்களோ, அதே அளவை அவருக்கும் தாருங்கள்; எல்லோருக்கும் எங்கே கோடு போடுகிறீர்களோ, அவருக்கும் அங்கேயே போடுங்கள்.

நிகழ்ச்சி தொடங்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அட்வான்ஸ் வாங்கும்போதே குழுத் தலைவர் கமிட்டியாரிடம், சக்கர நாற்காலியிலும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரிலும் வருகிறவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பார்கள் என்று கேட்டுவிட வேண்டும். பெரும்பாலான ஊர்களில் அவர்கள் கூட்டத்துக்குப் பின்னால், ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். முன்னால் இருக்கிறவர்கள் எழுந்து நின்றதும் அவர்களுக்கு முதுகுகள் மட்டுமே தெரியும். முன்வரிசையின் ஓரத்தில் நான்கைந்து நாற்காலிகளை எடுத்துவிட்டு இடம் விடச் சொன்னால் போதும். ஆனால் அதை ஒரு மூலையில் தனித் தொழுவம் போல ஆக்கிவிடாமல், அவருடன் வந்த மனைவியோ நண்பர்களோ பக்கத்திலேயே உட்காரும்படி செய்ய வேண்டும். பாதையின் குறுக்கே ஓடும் கேபிள்களை ஓரமாக இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். சக்கரத்துக்கும் கோலுக்கும் அவைதான் பெரிய இடைஞ்சல்.

மேடைக்குச் சரிவுப் பாதை போடலாமே என்று சில கமிட்டியார் நல்ல மனதுடன் கேட்பார்கள். சரிவுப் பாதைக்கான பொது அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். நான்கடி உயர மேடைக்கு 48 அடி நீளச் சரிவு தேவைப்படும். நோம்பிப் பந்தலில் அவ்வளவு இடம் கிடைப்பது அரிது. இடம் இல்லாமல் செங்குத்தாகப் பலகை போட்டு ஒருவரைத் தள்ளி ஏற்றுவதோ, இளவட்டங்கள் நாலு பேர் நாற்காலியோடு தூக்கி மேலே வைப்பதோ வேண்டாம். தூக்கப்படுகிறவருக்கு அது பயம் தரும்; பல பேருக்கு அவமானமாகவும் இருக்கும். அவரை மேலே ஏற்றுவதைவிட நாம் கீழே இறங்குவது எளிது. எப்படியும் ஒரு பாட்டுக்காவது கூட்டத்துக்குள் இறங்கி ஆடுவது நம் வழக்கம்தானே? அந்தப் பாட்டை அவர்கள் இருக்கும் பக்கமாகத் தொடங்கலாம்.

சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் போகும்போது, நாற்காலியை அவருடைய உடம்பின் பகுதியாகவே நினைக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரின் தோளில் எப்படிக் கேட்காமல் சாய மாட்டோமோ, அப்படியே அதன் கைப்பிடியிலும் சாயக் கூடாது. பாட்டின் உற்சாகத்தில் நாற்காலியைப் பிடித்துச் சுற்றிவிடுவதைச் சில குழுக்கள் ஒரு வித்தையாகவே செய்கின்றன. அவரே கேட்டாலொழிய அதைச் செய்யாதீர்கள். பேசும்போது நின்றபடி குனியாமல், முழங்காலிட்டோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டோ அவருடைய கண்மட்டத்துக்கு வந்து பேசுங்கள்.

விடுதி விருந்துகளில் ஆடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. விளையாட்டாக ஒருவரின் மடியில் சட்டென்று உட்கார்ந்து எழுவது அங்கே சிலரின் பாணி. முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் இருக்கலாம். உங்கள் எடை அழுத்துவதோ, சலங்கையும் ஜரிகையும் தோலைக் கீறுவதோ அவருக்கே தெரியாது. மறுநாள் அது ஆறாத புண்ணாகத் தொடங்கலாம். காலோரத்தில் சிறுநீர்ப் பை கட்டியிருக்கலாம். அதன் குழாய் இழுபட்டாலும் துன்பம்தான். ஆகவே தொடுவதற்கு முன்னால் கேளுங்கள்: ‘அண்ணா, பக்கத்துல வந்து ஆடட்டுங்களா? எங்கயாச்சும் படக் கூடாதுன்னா சொல்லிருங்க.’ இப்படிக் கேட்பதால் ஆட்டத்தின் சுவை குறைந்துவிடாது. கேட்ட பிறகு அவர் சிரித்துக்கொண்டே ‘வாங்க’ என்றால் அந்த நெருக்கம் இருவருடையதாக இருக்கும். ‘வேண்டாமுங்க’ என்றால் ஒரு வணக்கம் வைத்துவிட்டு நகருங்கள். காரணம் கேட்க வேண்டாம், இரண்டாம் முறை வற்புறுத்தவும் வேண்டாம்.

கேள்வியை அவரிடமே கேட்க வேண்டும் என்பதை எவ்வளவு முறை சொன்னாலும் தகும். ‘இவருக்குப் பிடிக்குமுங்களா?’ என்று துணைக்கு வந்த தம்பியைப் பார்த்துக் கேட்கும் அந்தக் கணத்தில், நாற்பது வயது மனிதரை நாம் கைக்குழந்தையாக்கிவிடுகிறோம். துணைக்கு வந்தவர் முந்திக்கொண்டு பதில் சொன்னாலும் நம் கண்கள் ரசிகரின் முகத்திலேயே இருக்கட்டும். ‘எப்படி ஆச்சுங்க?’ என்று உடம்பைப் பற்றி விசாரிக்கும் வேலையும் நமக்கு இல்லை. எந்தப் பாட்டு பிடிக்கும், எந்த ஊர், நோம்பி எப்படி இருந்தது என்பவை போதுமான கேள்விகள்.

பார்வை இல்லாதவர்கள் ஆட்டம் பார்க்க வந்து என்ன பயன் என்று நினைக்கிறவர்கள், ஆட்டத்தின் ஒலியைக் கேட்டறியாதவர்கள். நம் பகுதியின் பெருஞ்சலங்கையாட்டத்தைக் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். எத்தனை கால்கள், எந்தப் பக்கம் நகர்கின்றன என்பது வரை சலங்கை சொல்லிவிடும். நம் மேடையில் ஸ்பீக்கர் பாக்ஸ்களின் இரைச்சல் அந்த ஒலியை விழுங்கிவிடுவதால், ஒரு பாட்டின் இடையிசையிலாவது அவர் அருகே வந்து காலடி கேட்கும்படி ஆடுங்கள். வரும்போதே பெயரைச் சொல்லி, ‘அண்ணா, நான் இப்ப ஆடுன பொண்ணுங்க, உங்க வலது பக்கம் நிக்கறேன்’ என்று சொல்ல வேண்டும். திடீரென்று முகத்தில் முந்தானை வந்து விழுந்தால் யாருக்கும் தூக்கிவாரிப் போடும். சலங்கையையோ தலைப்பின் ஜரிகையையோ தொட்டுப் பார்க்க விரும்பினால், கழற்றிய சலங்கையை அல்லது தலைப்பின் நுனியை நீங்களே எடுத்து அவர் கையில் கொடுங்கள். போகும்போது ‘போயிட்டு வரனுங்கண்ணா’ என்று சொல்லாமல் நழுவிவிட்டால், அவர் வெற்றிடத்தோடு பேசிக்கொண்டிருப்பார். தொகுப்பாளரிடமும் சொல்லிவையுங்கள்: ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் எத்தனை பேர் ஆடுகிறார்கள், என்ன உடை, என்ன கோலம் என்று இரண்டு வரி சொன்னால், பார்வை இல்லாதவர்களுக்கு மட்டுமல்ல, பின்வரிசையில் சரியாகத் தெரியாமல் நிற்கும் பாட்டிகளுக்கும் அது உதவும்.

அவரை எங்காவது அழைத்துச் செல்ல நேர்ந்தால், கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. பின்னாலிருந்து தள்ளக் கூடாது. உங்கள் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டி, அரை எட்டு முன்னால் நடந்து, படியோ பள்ளமோ வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். வெள்ளைக் கோலை அவர் கேட்காமல் வாங்கி ஓரமாக வைத்துவிடுவது உதவி ஆகாது.

அன்பளிப்புப் பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மரியாதை குலைவதும் நிலைப்பதும் அங்கேதான். பார்வை இல்லாதவர் நோட்டு நீட்டினால், ‘ஐந்நூறு ரூபாய் குடுக்கறீங்க, சரிங்களா?’ என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டு வாங்குங்கள். 100 ரூபாய் நோட்டின் ஓரங்களில் நான்கு சாய்கோடுகளும் 500 ரூபாயில் ஐந்து சாய்கோடுகளும் விரலுக்குத் தட்டுப்படும்படி அச்சிடப்பட்டிருக்கின்றன. ஆனால் கசங்கிய நோட்டில் அவை தேய்ந்துபோயிருக்கும். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட ‘மணி’ என்னும் செயலி நோட்டைப் பார்த்துத் தொகையைச் சொல்லும் என்றாலும், விழாக் கூட்டத்தின் நடுவே செல்பேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நூறு என்று நினைத்து ஐந்நூறைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் அறிந்துகொள்ளும் நிலையை நாம் யாருக்கும் ஏற்படுத்தக் கூடாது. அதே சமயம், மாற்றுத்திறனாளி என்பதற்காக ‘உங்ககிட்ட வேண்டாமுங்க, வெச்சுக்கோங்க’ என்று பணத்தைத் திருப்புவதும் கூடாது. பக்கத்தில் இருக்கிறவரிடம் வாங்கிவிட்டு இவரிடம் மறுத்தால், கூட்டத்தின் நடுவே அவரைத் தள்ளிவைத்தது போலாகும். அவர் தன் உழைப்பில் வந்த பணத்தைத் தன் மகிழ்ச்சிக்குச் செலவழிக்கிறார். ஒன்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர், கணக்குப் புரியாமல் சட்டைப் பையில் இருப்பதையெல்லாம் எடுத்து நீட்டினால், ஒரு நோட்டை வாங்கிக்கொண்டு மீதியை அவர் பையிலேயே வைக்கச் சொல்லுங்கள். அதை மைக்கில் அறிவிக்காமல் மெல்லச் சொல்லுங்கள்.

காது கேளாதவர்களுக்கு நம் கலை மிகப் பொருத்தமானது; உடம்பும் முகமுமே அதில் பேசுகின்றன. அவரிடம் பேச வேண்டுமானால் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று, மைக்கை வாயை மறைக்காமல் தாழ்த்திப் பிடித்து, இயல்பான வேகத்தில் பேசுங்கள். கத்துவதால் உதட்டசைவு கோணலாகுமே தவிர புரியாது. புரியவில்லை என்றால் செல்பேசியில் பெரிய எழுத்தில் தட்டிக் காட்டலாம். தாளத்தின் அதிர்வை உணர விரும்புகிறவர்கள் ஸ்பீக்கர் பாக்ஸுக்கு அருகே உட்கார விரும்புவார்கள்; ஊதிய பலூன் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டாலும் அதிர்வு விரல்களில் தெரியும். ஆனால் காதுக்கருவி அணிந்தவருக்கு அதே இடம் வேதனையாக இருக்கக்கூடும் என்பதால், நீங்களாக முடிவு செய்து உட்கார வைக்காதீர்கள். கைதட்டலுக்கு இரு கைகளையும் உயர்த்தி விரல்களை அசைப்பது சைகை மொழி பேசுகிறவர்களின் வழக்கம். ஆட்டம் முடிந்து வணங்கும்போது அவர்கள் பக்கம் திரும்பி அப்படி ஒருமுறை அசைத்துக் காட்டுங்கள். அவர்கள் முகத்தில் வரும் மாற்றத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

கை இல்லாதவருக்கு வணக்கம் போதும். அவர் இடது கையையோ முழங்கை முனையையோ நீட்டினால் தயங்காமல் பற்றிக் குலுக்குங்கள். தொழுநோயிலிருந்து குணமானவர்களில் சிலரின் விரல்கள் குறுகியிருக்கும். சிகிச்சை பெற்றவரிடமிருந்து அந்த நோய் பரவாது. அவர் கையிலிருந்து நோட்டை வாங்கும்போது நுனி விரலால் கிள்ளி எடுப்பதை அவர் கவனிக்காமல் இருப்பார் என்று எண்ண வேண்டாம்.

மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் பலரின் பேச்சு மெதுவாகவும் இழுத்தும் வரும். அவர்களில் பலரின் அறிவில் எந்தக் குறையும் இல்லை. அவர் தொடங்கிய வாக்கியத்தை நாம் முடித்துவைக்கக் கூடாது. புரியாமலே தலையாட்டிச் சிரித்து மழுப்புவதைவிட, ‘இன்னொருக்கா சொல்லுங்க, பாட்டுச் சத்தத்துல கேக்கல’ என்பது மேலானது. சத்தமும் வெடியும் அவர்கள் உடம்பைத் திடுக்கிடச் செய்து கை தானாக வீசிவிடக்கூடும். அது உங்கள் மேல் பட்டால் தவறான எண்ணத்தில் தொட்டதாகக் கொள்ளக் கூடாது.

வேண்டுமென்றே தொடுகிற கையும் இருக்கும். ‘பாவம், விட்டுவிடு’ என்று கமிட்டியாரோ உடன் ஆடுகிறவரோ சொன்னாலும் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளியாக இருப்பது யாருக்கும் நம் உடம்பின் மேல் உரிமை தந்துவிடாது. அப்படி உரிமை தருவது அவரைப் பொறுப்புள்ள பெரியவராக மதிக்காததற்கு ஒப்பாகும். மற்றவரிடம் எந்தக் குரலில் சொல்வீர்களோ அதே குரலில், ‘தொடக் கூடாதுங்க, இங்கிருந்து பாருங்க, ஆடறேன்’ என்று சொல்லுங்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவரிடம் அதையே இன்னும் சுருக்கமாக, கையால் தூரத்தைக் காட்டிச் சொல்லலாம். ஜாடையாகச் சொல்வது அவருக்குப் புரியாமல் போகலாம். விளையாட்டாகச் சிரித்துக்கொண்டே மறுத்தால் சம்மதம் என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். இரண்டாம் முறையும் நடந்தால் விலகிவிட்டுக் காவலுக்கு நிற்பவரை அழையுங்கள். ஆனால் அவரைக் கழுத்தைப் பிடித்து இழுத்துச் செல்ல விடாமல், துணைக்கு வந்தவர் மூலம் இடம் மாற்றச் சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு: நண்பர்கள் கூட்டமாக வந்து, அப்படிப்பட்ட ஒருவரை முன்னால் தள்ளி, அவர் தடுமாறுவதைப் பார்த்துச் சிரிக்க நம்மைப் பயன்படுத்துவார்கள். அவருக்கு ஆட விருப்பம் உண்டா என்று அவர் முகத்தைப் பாருங்கள். இல்லை என்றால் அவரை உட்கார வைத்துவிட்டு, தள்ளிவிட்டவரை ஆட வரச் சொல்லுங்கள்.

நகைச்சுவைத் துண்டுகளைப் பற்றிக் குழுவாக உட்கார்ந்து பேச வேண்டும். நொண்டி நடப்பது போலவும் திக்கிப் பேசுவது போலவும் நடித்துச் சிரிப்பு வாங்குவது நம் மேடைகளில் இன்னும் நடக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. பொதுமக்கள் பார்வையில் இருக்கும் இடத்தில் மாற்றுத்திறனாளி ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கத்துடன் வேண்டுமென்றே அவமதித்தால் 6 மாதத்துக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்று அதன் 92ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றமும், மாற்றுத்திறனாளிகளின் வாழ்வைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, அவர்களைத் தாழ்த்தும் நகைச்சுவை வேறு என்று காட்சி ஊடகங்களுக்குப் பிரித்துக் காட்டியது. குறவன் குறத்தி ஆட்டத்துக்குத் தமிழ்நாட்டரசு 2023இல் தடை விதித்தபோது, ஒரு சமூகத்தையே கேலிப்பொருளாக்கி இவ்வளவு காலம் ஆடியிருக்கிறோமே என்று நம்மில் பலர் நினைத்தோம். சட்டம் வந்து நிறுத்தும் வரை காத்திருக்காமல், இந்தத் துண்டுகளை நாமே எடுத்துவிடலாம். ஆட்டக்காரி என்ற சொல்லுக்குப் பின்னால் ஊர் வைத்திருக்கும் பார்வையைத் தினமும் சுமக்கிற நமக்கு, பார்வையால் ஒருவரைச் சிறுமைப்படுத்துவது எப்படிப்பட்டது என்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

மின்னும் விளக்குகளைப் பற்றியும் லைட்காரரிடம் பேசிவிடுங்கள். வலிப்பு நோய் உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு, நொடிக்கு மூன்று முறைக்கு மேல் விட்டுவிட்டு எரியும் வெளிச்சம் வலிப்பைத் தூண்டக்கூடும். நீளமாக மின்னவிடாமல் நிறுத்தி நிறுத்திப் பயன்படுத்தவும், பார்வையாளர் கண்ணில் நேரே அடிக்காமல் மேல்நோக்கித் திருப்பவும் சொல்லுங்கள். கூட்டத்தில் யாருக்காவது வலிப்பு வந்தால் பாட்டையும் விளக்கு மின்னலையும் உடனே நிறுத்திவிட வேண்டும். நம் ஊர் வழக்கப்படி கையில் சாவியோ இரும்போ திணிக்க ஓடி வருவார்கள்; அதனால் வலிப்பு நிற்காது. வாயில் எதையும் வைக்கக் கூடாது, கை கால்களை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. சுற்றி இருக்கும் நாற்காலிகளை நகர்த்தி, தலைக்கடியில் துணியை மடித்து வைத்து, துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழைக்க வேண்டும். மைக் உங்கள் கையில் இருப்பதால், சுற்றி நின்று செல்பேசியில் படம் எடுக்கிறவர்களை விலகச் சொல்லும் பொறுப்பும் உங்களுடையதே.

படம் எடுப்பது என்றதும் இன்னொன்று. மாற்றுத்திறனாளி ரசிகருடன் ஆடிய காட்சியைக் குழுவின் யூடியூப் பக்கத்தில் போட்டால் பார்வைகள் குவியும் என்பது நமக்குத் தெரியும். அவரிடம் நேரில் கேட்டு, எங்கே போடப்போகிறோம் என்பதையும் சொல்லி, சரி என்ற பிறகே போடுங்கள். கண்ணீர் வரவைக்கும் தலைப்பும் சோக இசையும் சேர்க்காதீர்கள். அவர் ஊர்த் திருவிழாவில் சந்தோஷமாக ஆடினார். தலைப்பிலும் அதுவே இருக்கட்டும். பெண்களாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. வீட்டில் சொல்லாமல் தோழிகளோடு வந்திருக்கலாம். கூட்ட நெரிசலில் அவர்களை உரசுகிறவர்கள் மேடையிலிருந்து பார்க்கும் நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவார்கள். தெரிந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சொல்லிவிடுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் கூட்டம் ஒரே வழியில் முட்டிக்கொண்டு வெளியேறும். ‘எல்லாரும் போன பின்னாடி போறீங்களா, இல்ல இப்பவே வழிவிடச் சொல்லட்டுங்களா?’ என்று அவர்களிடமே கேட்டு, அவர்கள் சொல்கிறபடி மைக்கில் அறிவிக்கச் செய்யுங்கள். அவர்களுடைய ஸ்கூட்டரை மறித்து நம் வேனையோ ஜெனரேட்டர் வண்டியையோ நிறுத்தியிருந்தால், சாமான் ஏற்றத் தொடங்கும் முன் அதை நகர்த்தச் சொல்லுங்கள். கடைசி ஸ்கூட்டர் கிளம்பும் வரை அந்தப் பக்கத்து விளக்கைக் கழற்ற வேண்டாம் என்று லைட்காரரிடமும் சொல்லிவையுங்கள்.